குளிருக்கு என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

மிகக் கடுமையாகக் குளிர வைத்தால் சில உலோகங்களில் மின்தடை அடியோடு மறைந்துவிடும், அவற்றுக்கு மீக்கடத்தி என்று பெயர் எனப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும். பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பேராசிரியர் இல்லை. சென்னையில் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 32 வருஷம் திரவ ஹீலியம் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவன். ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு. அவர்களுக்கு வேண்டிய குளிரைத் தயார் செய்து கொடுத்தது நான். அந்தப் பக்கத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

ஐயா, மீக்கடத்தியில் தடை பூஜ்யம் என்று படித்தேன். உண்மையிலேயே பூஜ்யமா, இல்லை நம் மீட்டருக்கு எட்டாத அளவு சின்னதா? எங்கள் சாரைக் கேட்டால் "பூஜ்யம்னா பூஜ்யம்தான், எழுதிக்கோ" என்கிறார்.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

இந்தச் சந்தேகம் கண்டுபிடித்தவர்களுக்கே முதல் நாள் வந்தது, மகளே.

ஹாலந்தில் லெய்டன் என்று ஓர் ஊர். அங்கே ஹைக்கே காமர்லிங் ஓனஸ் என்ற பேராசிரியர் 1908 ஜூலை 10 அன்று உலகத்தில் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். கிடைத்தது சுமார் 60 மில்லி. ஒரு காப்பி டம்ளர்கூட நிறையாது. ஆனால் அது கொதிப்பது 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில். அதுவரை எந்த மனிதனும் உண்டாக்காத குளிர். கையில் புதுக் குளிர் வந்துவிட்டது, இதில் உலோகத்தின் தடை என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டார். எலக்ட்ரான்களே உறைந்துபோய் மின்சாரம் நின்றுவிடும் என்று லார்டு கெல்வின் எண்ணியிருந்தார். தடை மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் என்றார்கள் வேறு சிலர். பாதரசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் அதைத் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தமாக்கலாம். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நிரப்பி உறைய விட்டார்கள்.

1911 ஏப்ரல் 8. குளிர்ச் சாதனத்துக்குப் பொறுப்பு கெரிட் யான் ஃப்ளிம். பம்புகளின் அதிர்வு எட்டாத வேறோர் அறையில் கால்வனாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட். ஓனஸ் தன் நோட்டில் பென்சிலால் எழுதினார்: "பாதரசம் கிட்டத்தட்ட பூஜ்யம்." அந்த "கிட்டத்தட்ட"வைக் கவனித்தாயா? மீட்டர் எவ்வளவு சொன்னதோ அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். மே மாதம் மறுபடி செய்தபோது, 4.2 கெல்வின் அருகே தடை சரிந்து இறங்கவில்லை, கிணற்றில் கல் போட்டதுபோல் சட்டென்று விழுந்தது.

பிறகு மீட்டரை விட்டுவிட்டு வேறு வழி தேடினார்கள். மீக்கடத்தியைச் சுருளாக்கி, முனைகளை ஒன்று சேர்த்து மூடி, அதற்குள் மின்சாரத்தைச் சுற்ற விடு. பேட்டரியை எடுத்துவிடு. தூசி அளவு தடை இருந்தாலும் ஓட்டம் தேய்ந்துகொண்டே போக வேண்டும். 1914இல் ஓனஸ் ஈயச் சுருளில் இதைச் செய்தார். பக்கத்தில் வைத்த காந்த ஊசி மணிக்கணக்கில் அசையவில்லை. 1932இல் ஃப்ளிம் ஓர் ஈய வளையத்தைத் திரவ ஹீலியத்தில் முக்கி, 200 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுபோனார். கம்பி இணைப்பு இல்லை, பேட்டரி இல்லை, மடியில் ஒரு குளிர்ப் பாத்திரம்! 1963இல் மிக நுட்பமாக அளந்து பார்த்தவர்கள், இப்படி மூடிய ஓட்டம் தேய்ந்துபோகக் குறைந்தது ஒரு லட்சம் வருஷம் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள்.

பரீட்சையில் பூஜ்யம் என்றே எழுது. ஆனால் சாரிடம் நீ கேட்ட கேள்வியை விட்டுவிடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1911இன் கட்டுரைகள் ஓனஸ் ஒருவர் பெயரில்தான் வந்தன. மீட்டர் முள் விழுந்ததைப் பார்த்த கண் ஹோல்ஸ்ட்டுடையது. குளிரைக் கட்டிக் காத்த கை ஃப்ளிமுடையது. பாடப்புத்தகத்தில் இரண்டு பேரும் இல்லை. நீயாவது நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

திரவ ஹீலியம் என்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? காற்றில் இருந்தா?
– மளிகைக் கடைக்காரர், நாகர்கோவில்

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம் அண்ணாச்சி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறதல்லவா? அதில் தோரியம் உண்டு. தோரியம் சிதையும்போது உமிழும் ஆல்பா துகள்தான் ஹீலியத்தின் கரு. கோடிக்கணக்கான வருஷமாக அப்படிப் பிறந்த ஹீலியம் அந்த மணல் பரலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஓனஸ் 1908இல் திரவமாக்கிய ஹீலியம், மோனசைட் மணலைச் சூடுபடுத்தி எடுத்ததுதான். அவருடைய மணல் அமெரிக்காவிலிருந்து வந்தது, வாங்கிக் கொடுத்தவர் அவர் தம்பி. மணல் வகை உங்கள் ஊருடையதே.

ஹீலியம் மனிதக் கண்ணில் முதலில் பட்டதும் நம் பக்கம்தான். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூருக்கு வந்தார். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். மதராஸ் வானாய்வுக்கூடத்து நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து பார்த்தார். சூரிய விளிம்பின் ஒளியில் தெரிந்த மஞ்சள் கோடு, அப்போது தெரிந்திருந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. பூமியில் அதைக் கையில் பிடிக்க 1895 வரை ஆயிற்று.

இன்று வருவது இயற்கை எரிவாயுக் கிணறுகளிலிருந்து, முக்கியமாக அமெரிக்காவிலும் கத்தாரிலும். நம் நாடு இறக்குமதிதான் செய்கிறது. வெளியே விட்டால் மேலே போய்விடும், திரும்பி வராது. அதனால் எங்கள் கூடத்தில் ஆவியான ஹீலியத்தை ஒரு பெரிய பலூனில் பிடித்து, கம்ப்ரெஸரில் அழுத்தி, மறுபடி திரவமாக்குவோம். சோதனை முடிந்து திரும்பும் வால்வை மாணவர்கள் யாராவது வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டால், எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

அம்மாவுக்கு முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கப் போனோம். தாலியைக் கழற்றச் சொன்னதும் அழுதுவிட்டார். மஞ்சள் கயிறு போட்டுக்கொள்ளலாம் என்றதும்தான் சமாதானமானார். உள்ளே டமடமவென்று ஒரே சத்தம். அந்தக் காந்தத்தை ராத்திரி அணைத்து வைப்பார்களா? எங்கள் பக்கத்தில் ஒரு சென்டரை "ஹீலியம் போய்விட்டது" என்று மூன்று வாரம் மூடி வைத்திருந்தார்கள், அது என்ன?
– வாசகி, கும்பகோணம்

அணைக்கவே மாட்டார்கள் சகோதரி. இந்த ஒன்றைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேன் நடக்காதபோதும், ராத்திரியிலும், கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் முழு பலத்தோடு விழித்திருக்கிறது. காரணம், மேலே மாணவிக்குச் சொன்ன அதே மூடிய சுருள். நியோபியம்-டைட்டானியம் கம்பி, பல கிலோமீட்டர் நீளம், திரவ ஹீலியத்தில் ஊறிக்கொண்டிருக்கும். மெஷினை நிறுவும் நாளில் சில நூறு ஆம்பியரை மெதுவாக ஏற்றி, முனைகளை மீக்கடத்தித் துண்டாலேயே மூடி, வெளிக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மணிக்குக் கோடியில் ஒரு பங்குக்கு மேல் தேயக்கூடாது என்பது வழக்கமான நிபந்தனை.

அந்த டமடம சத்தம் இந்தப் பெரிய காந்தத்துடையது இல்லை. படத்தில் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய உள்ளே வேறு சின்னச் சுருள்கள் உண்டு. அவை சாதாரணச் செம்பு. அவற்றில் மின்சாரத்தைப் படபடவென்று மாற்றும்போது சுருள் அதிர்கிறது, அதைத்தான் அம்மா கேட்டார். பெரிய காந்தம் பேசாது. காத்திருக்கும்போது "சிப்... சிப்..." என்று குருவி கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டிருக்குமே, அது ஹீலியம் ஆவியாகாமல் குளிர்விக்கும் இயந்திரம்.

தாலி விஷயம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொக்கி, திருகாணி, கோத்திருக்கும் ஊக்கு எந்த உலோகம் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, மெஷின் அனுப்பும் ரேடியோ அலையில் உலோக வளையம் சூடேறலாம், படமும் அந்த இடத்தில் கெட்டுப்போகும். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனால் அது பறக்கும், உயிர் போயிருக்கிறது. அதனால் அங்கே யாராவது கறாராகப் பேசினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெறும் நூல் கயிற்றால் தொந்தரவு இல்லை.

இனி "ஹீலியம் போய்விட்டது". கம்பியின் ஓர் இடத்தில் ஏதோ காரணத்தால் கொஞ்சம் சூடு ஏறினால், அந்த இடம் மீக்கடத்தியாக இருப்பதை விட்டுச் சாதாரணக் கம்பியாகிவிடும். தடை வந்ததும் சூடு, சூட்டால் பக்கத்து இடமும் போகும். சில விநாடிகளில் சுருள் முழுவதும் தன் சக்தியைச் சூடாகக் கக்கிவிடும். இதற்கு க்வென்ச் என்று பெயர். ஒரு லிட்டர் திரவ ஹீலியம், அறைச் சூட்டுக்கு வந்தால் சுமார் 750 லிட்டர் வாயு. ஒரு மெஷினில் ஆயிரம் லிட்டருக்கு மேல்கூட இருக்கும். அதற்காகத்தான் கூரைக்கு மேல் ஒரு தடித்த குழாய். பிறகு ஹீலியம் வரவழைத்து, குளிர வைத்து, மறுபடி மின்சாரம் ஏற்றுவதற்கு மூன்று வாரம் ஆவது ஆச்சரியமில்லை. இப்போது சில லிட்டர் ஹீலியத்தை மட்டும் உள்ளே அடைத்து மூடிய மெஷின்களும் வந்துவிட்டன, அவை பரவினால் இந்தக் கஷ்டம் குறையும்.

திரவ ஹீலியம் கொஞ்சம் சூட்டைக்கூடத் தாங்காது என்பது என் கட்டைவிரலுக்குத் தெரியும். எங்கள் பாத்திரத்தில் அளவு பார்க்க ஒரு மெல்லிய நீளக் குழாயை மெதுவாக இறக்குவோம். மேல் முனையில் ரப்பர் சவ்வு, அதன்மேல் விரல். குழாய் முனை வாயுவில் இருக்கும்போது சவ்வு வேகமாகத் துடிக்கும். திரவத்தைத் தொட்டதும் துடிப்பு மெதுவாகும், நாடி பார்ப்பதுபோல. அந்த இடத்தில் அடையாளம் வைத்து அளந்துகொள்வோம். அளக்கப் போட்ட குழாயின் சூட்டிலேயே கொஞ்சம் கொதித்துப் போய்விடும். ஒரு வாட் சூடு போதும், மணிக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் காணாமல் போகும். அதே ஒரு வாட்டால் திரவ நைட்ரஜனில் அறுபதில் ஒரு பங்குதான் போகும்.

அந்தக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. ஓனஸே பெரிய காந்தம் கட்டக் கனவு கண்டார். ஆனால் ஈயம், பாதரசமெல்லாம் சில நூறு காஸ் (பத்தாயிரம் காஸ் ஒரு டெஸ்லா) காந்தப்புலத்திலேயே மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும், தன் காந்தத்தைத் தானே தாங்காது. சில உலோகக் கலவைகள் வேறு மாதிரி, புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டபடியே தாக்குப்பிடிக்கும் என்று 1930களில் கார்கிவ் நகரில் லெவ் ஷுப்னிகோவ் தெளிவாக அளந்து காட்டினார். 1937இல் ஸ்டாலின் அரசு அவரைக் கைது செய்து சுட்டுக் கொன்றது. வயது 36. அவர் கண்டதற்கு அப்ரிகோசோவ் 1957இல் விளக்கம் எழுதினார். 1961இல் நியோபியம்-டின் கம்பி சுமார் 9 டெஸ்லாவில் நின்று காட்டியது. அம்மா படுத்திருந்த அந்தக் குழாயைச் சுற்றியிருந்த கம்பி ஷுப்னிகோவ் வழி வந்தது.

ஷாங்காய் விமான நிலைய ரயிலில் போனேன், மணிக்கு 430 கிலோமீட்டர். அது மீக்கடத்தியால் மிதக்கிறது என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?
– வாசகர், சிங்கப்பூர்

இல்லை. பேரனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். ஷாங்காய் ரயில் சாதாரண மின்காந்தத்தில் மிதக்கிறது. மீக்கடத்திக் காந்தம் வைத்தது ஜப்பான் ரயில். யமனாஷி சோதனைப் பாதையில் 2015 ஏப்ரல் 21 அன்று மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடியது. புறப்படும்போது சக்கரத்தில் ஓடி, வேகம் பிடித்த பிறகுதான் சுமார் 10 சென்டிமீட்டர் எழும்பும்.

அண்ணா, நான் லைன்மேன் வேலை பார்க்கிறேன். லைன் லாஸ் என்று மீட்டிங் மீட்டிங்காகப் பேசுகிறார்கள். தடையே இல்லாத கம்பி இருக்கும்போது ஏன் அதைப் போட மாட்டேன் என்கிறார்கள்?
– ஈரோடு

கம்பியில் தடை இல்லை தம்பி, ஆனால் குளிருக்கு பில் வரும். 4 கெல்வினில் ஒரு வாட் சூட்டை வெளியேற்ற, எந்தக் கோளாறும் இல்லாத கற்பனை மெஷினுக்கே 70 வாட் வேண்டும், நிஜ மெஷினுக்கு அதைப்போல் பல மடங்கு. திரவ நைட்ரஜன் குளிரில், அதாவது 77 கெல்வினில், அதே கற்பனை மெஷினுக்கு 3 வாட் போதும். ஹீலியத்துக்கு ஏங்கிய எங்களுக்கு 1987 ஏன் தீபாவளி என்று இதிலேயே தெரியும். அதற்கு முந்தைய வருஷம் ஸூரிச் பக்கத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடு பீங்கான் ஒன்றில் 30 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தியைக் கண்டார்கள். 1987 தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் சூ, எம்.கே. வூ குழுக்கள் யிட்ரியம் சேர்த்து 93 கெல்வின் வரை கொண்டுவந்துவிட்டன. நைட்ரஜன் போதும் என்றாகிவிட்டது.

அந்த வகைக் கம்பியை ஜெர்மனியில் எஸன் நகரத்தில் 2014இல் தெருவுக்கடியில் புதைத்தார்கள். ஒரு கிலோமீட்டர். 10,000 வோல்ட்டில் 40 மெகாவாட் கொண்டுபோகும் அளவுக்குச் செய்தது. சாதாரணக் கேபிள் என்றால் அந்த வேலைக்கு 1,10,000 வோல்ட் வேண்டும், நகரத்துக்குள் அதற்கொரு துணைமின் நிலையமும் வேண்டும். இடம்தான் அங்கே மிச்சம். இடமே இல்லாத நகரத்துக்கு அது சரி. ஈரோட்டிலிருந்து வயல் மேல் போகும் லைனுக்கு இல்லை. வழி நெடுகக் குளிர்க் குழாயும் பம்பும் யார் காவல் காப்பது? இன்னொன்று, தடை முழுதாகப் பூஜ்யமாவது டிசி ஓட்டத்துக்குத்தான். ஏசியில் கொஞ்சம் இழப்பு இருந்தே தீரும்.

நீங்கள் ஜாயின்ட் போடுகிற ஆள் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் வளையத்தில் பெரிய துகள் முடுக்கி. புரோட்டான்களை வளைக்க 1,232 மீக்கடத்திக் காந்தங்கள், 1.9 கெல்வினில். 2008 செப்டம்பர் 19 அன்று இரண்டு காந்தத்துக்கு நடுவே ஒரு ஜாயின்ட் சரியாகப் பற்றவில்லை. தடை எவ்வளவு தெரியுமா? ஒரு ஓமில் கோடியில் இரண்டு பங்கு. நம் மெக்கர், மல்டிமீட்டர் எதிலும் தெரியாது. ஆனால் ஓடியது 8,700 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், பதினைந்து பதினாறு வாட் சூடு வரும், ஒரு எல்இடி பல்பு. அந்தக் குளிரில் அது போதுமாக இருந்தது. ஜாயின்ட் உருகி, ஆர்க் அடித்து, ஹீலியப் பாத்திரம் ஓட்டையாகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்தில் பீறிட்டது. 53 காந்தங்களை மேலே தூக்கி வந்து சரிசெய்தார்கள். மறுபடி ஓட 2009 நவம்பர் ஆயிற்று. நல்லவேளை, அப்போது சுரங்கத்துக்குள் யாரும் இல்லை.

கம்பி எவ்வளவு உசத்தியானாலும் ஜாயின்ட் போடுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. இதை மீட்டிங்கில் சொல்லுங்கள்.

இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் எண்டுதான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறம். மீகடத்தியில் மட்டும் அவை சோடி சேருது எண்டு வாசித்தேன். அது எப்பிடி?
– உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

டீச்சர், நீங்கள் இலத்திரன் என்பதை நாங்கள் எலக்ட்ரான் என்போம். அது ஓடும்போது சுற்றியுள்ள நேர்மின் அயனிகளை (எலக்ட்ரான் இழந்த அணுக்களை) தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. அயனி கனமானது, நிமிர்ந்து பழைய இடத்துக்குப் போக நேரமாகும். அதற்குள் எலக்ட்ரான் வெகுதூரம் போய்விடும், ஆனால் அது விட்டுப்போன குழி அப்படியே இருக்கும். அந்த நேர்மின் குழி இன்னோர் எலக்ட்ரானை இழுக்கிறது. தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் ஒருவர் எழுந்த பள்ளத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் உருண்டு வருவதுபோல. நேரே பார்த்தால் விலக்கம், கட்டில் வழியாக ஈர்ப்பு.

சோடி சேர்ந்தவை எல்லாம் ஒரே நிலையில் ஒன்றாக நகர்கின்றன. நல்லூர்த் தேரில் வடம் பிடித்தவர்களில் ஒருவர் கால் இடறினாலும் தேர் நிற்பதில்லை அல்லவா? அயனியில் மோதி ஓர் எலக்ட்ரானைத் தனியாகத் தடுக்க முடியாது. சோடியை உடைக்கத் தேவையான சக்தி அந்தக் குளிரில் கிடைக்காது. வகுப்பில் சொல்வதற்கு இது போதும், கணக்கு இதைவிட ஆழமானது. கண்டுபிடித்து 46 வருஷம் கழித்து, 1957இல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் அந்தக் கணக்கை முடித்தார்கள். பார்டீன் டிரான்சிஸ்டருக்காக ஏற்கெனவே ஒரு நோபல் வாங்கியிருந்தார், இதற்காக 1972இல் இரண்டாவது.

செம்பு ஆக்சைடு பீங்கான்களுக்கு இந்தக் கயிற்றுக் கட்டில் கதை பொருந்தவில்லை. அதற்கு 1987இலேயே அமெரிக்க இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து ஒரு புது வழி எழுதியவர்களில் ஒருவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். அந்தப் பீங்கான்களின் முழு விடை இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. உங்கள் மாணவிகள் யாருக்காவது அது காத்திருக்கட்டும்.

2023இல் கொரியாவில் வீட்டுச் சூட்டிலேயே வேலை செய்யும் மீக்கடத்தி என்று வீடியோ வந்ததே, அது என்ன ஆயிற்று?
– பொறியியல் மாணவர், கோவை

எல்கே-99. அந்த ஜூலை மாத இறுதியில் ஓய்வுபெற்ற நானும் தூங்கவில்லை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் சில வாரங்களில் செய்து பார்த்துவிட்டன. தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த செம்பு சல்ஃபைடு. அது சுமார் 104 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். வீடியோவில் பாதி எழும்பி நின்றது சாதாரணக் காந்தத்தன்மை. சுத்தமாகச் செய்த படிகம் மின்சாரத்தையே கடத்தவில்லை.

உண்மையாக நடந்த முன்னேற்றத்தைக் கவனியுங்கள். 2015இல் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மைனஸ் 70 டிகிரியில். 2019இல் லாந்தனம் ஹைட்ரைடு, மைனஸ் 23 டிகிரி அருகே. ஆனால் வைரமுனைகளுக்கு நடுவே பதினைந்து லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அழுத்த வேண்டும். குளிரின் விலை போய் அழுத்தத்தின் விலை வந்துவிட்டது. அடுத்த முறை வீடியோ வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: தடை விழுந்ததா, காந்தப்புலத்தையும் வெளியே தள்ளியதா? 1933இல் பெர்லினில் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் காட்டிய இரண்டாவது சோதனையில் தேறாதது மீக்கடத்தி இல்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் காந்தம் மிதப்பதைக் காட்ட ஆசை. மாணவர்களே மீக்கடத்தி வில்லை செய்யலாமா?
– இயற்பியல் ஆசிரியர், அரசு மேல்நிலைப் பள்ளி, திருவண்ணாமலை மாவட்டம்

வில்லையை வாங்கிக்கொள்ளுங்கள் சார், செய்ய வேண்டாம். அதில் சேரும் பேரியம் கார்பனேட் விஷம்.

1987 கோடையில் நாங்கள் செய்தோம். யிட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், செம்பு ஆக்சைடு. யிட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, செம்பு மூன்று என்ற கணக்கில் எடை போட்டு, கல்வத்தில் அரைத்து, 900 டிகிரிக்கு மேல் உலையில் வைத்தோம். அரைத்தது நான், மணிக்கணக்காக. முதல் வில்லை பச்சையாக வந்தது, அதாவது கலவை சரியாகச் சேரவில்லை. மறுபடி இடித்து அரைத்தோம். அடுத்தது கறுப்பு, பார்க்க அழகு, ஆனால் காந்தம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜன் ஓட விட்டு மெதுவாக ஆறவைக்க வேண்டும், நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம். மூன்றாவது வில்லையை ராத்திரி முழுக்க ஆக்சிஜனில் ஆறவிட்டு, காலையில் தெர்மகோல் கிண்ணத்தில் வைத்து நைட்ரஜன் ஊற்றினேன். கொதி அடங்கியதும் மிளகு அளவுக் காந்தத்தைப் பிளாஸ்டிக் இடுக்கியால் விட்டார்கள். நின்றது. காற்றில். பேராசிரியர் ஒரு தாளை நடுவில் நுழைத்து இழுத்துக் காட்டினார். பதினோரு பேர் இருந்தோம், யாரும் பேசவில்லை.

மாணவர்களிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். காந்தம் வழுக்கி விழாமல் ஒரே இடத்தில் நிற்பது வெறும் விலக்கத்தால் அல்ல. காந்தக் கோடுகள் வில்லைக்குள் மெல்லிய இழைகளாக நுழைந்து, அங்கங்கே உள்ள பழுதுகளில் ஆணி அடித்ததுபோல் மாட்டிக்கொள்கின்றன. நல்ல படிகத்தில் அந்த இழைகள் ஊடுபுள்ளிக் கோலம்போல் முக்கோண வரிசையில் நிற்கும், புள்ளி வைத்துக் காட்டினால் பெண்பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இந்த ஆணிதான் எம்ஆர்ஐ கம்பியிலும் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்க வைக்கிறது. வேண்டுமென்றே பழுது வைத்துத்தான் அந்தக் கம்பியை இழுக்கிறார்கள்.

செய்முறை இதுதான். நைட்ரஜனை மாட்டு இனவிருத்திக்கு உறைவிந்து வைத்திருக்கும் கால்நடை மையங்களில் கேட்டால் கிடைக்க வழி உண்டு. அதற்கான பாத்திரத்தில் மட்டும் வாங்குங்கள், இறுக மூடும் பிளாஸ்க்கில் வேண்டாம், வெடிக்கும். பேருந்தில் கொண்டுபோகாதீர்கள். பருத்திக் கையுறை நனைந்தால் திரவத்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும், அதைவிடத் தளர்வான தோல் கையுறை நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஒரு லிட்டர் நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகி அறையின் காற்றை வெளியே தள்ளும், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காட்டி முடித்ததும் வில்லை மேல் பனி படியும். அதைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். ஈரம் பட்டால் அடுத்த வருஷக் கண்காட்சிக்கு அது மிதக்க வைக்காது.